ஆப்பிரிக்காவுக்கு ஒரு மலிவு வண்டி: ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கென்றே மலிவாக, முரட்டுத்தனமாக ஒரு சரக்கு வண்டி செய்து விற்கப் போகிறோம் என்று கிளம்பியவர்கள் நாற்பது வருடமாக வந்துகொண்டே இருக்கிறார்கள். 1980களில் டோனி ஹோவர்த் என்ற ஆங்கிலேயர் பிளைவுட்டில் பாடி கட்டி, சிட்ரோயன் காரின் இன்ஜினைப் பொருத்தி 'ஆஃப்ரிகார்' என்று ஒன்றைச் செய்தார். ஆர்க்டிக்கில் கிளம்பி பூமத்திய ரேகை வரை ஓட்டியும் காட்டினார். 1988இல் கம்பெனி படுத்துவிட்டது. அவருக்குப் பிறகு வந்தவர்கள் பலரும் அவரைவிடப் புத்திசாலிகள், பணமும் அதிகம், ஆனாலும் கதை பெரும்பாலும் அதேதான்: வண்டி நன்றாக இருக்கும், பத்திரிகையில் படம் வரும், விற்பனைதான் நடக்காது.

ஏன் அப்படி என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். வண்டித் தொழில் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்காக எழுதுவதால் அடிப்படையிலிருந்தே வருகிறேன்.

இங்கே பேசப்படுவது சொகுசுக் கார் அல்ல. காலையில் பத்து மூட்டை வெங்காயம், மத்தியானம் சிமெண்ட், சாயங்காலம் கல்யாண வீட்டுக்கு நாற்காலி, நடுவில் யாராவது உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு ஒரு டிரிப் என்று எதற்கும் வளைந்து கொடுக்கும் வண்டி. தமிழ்நாட்டில் 'குட்டி யானை' என்றால் உடனே புரிந்துவிடும். 2005இல் டாடா ஏஸ் வந்தபோது விலை இரண்டேகால் லட்சம் ரூபாய் வாக்கில் இருந்தது, அதுவரை மூன்று சக்கர லோடு வண்டி ஓட்டியவர்களும் தவணைக்கு எடுத்து ஓட்ட முடிந்தது. அதையே அங்கே கொண்டுபோய் இறக்கினால் என்ன என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். டாடாவே ஏஸை அங்கே சில நாடுகளில் விற்றுத்தான் பார்த்தது. ஆனால் இந்தியாவில் அந்த வண்டிக்குப் பின்னால் கடன் கொடுக்க ஆள், மாவட்டத்துக்கு மாவட்டம் டீலர், தெருவுக்குத் தெரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை, எல்லாவற்றுக்கும் மேல் சுங்க எல்லைகள் குறுக்கே வராத, ஒரே தர விதி உள்ள ஒரு பெரிய சந்தை இருந்தது. அங்கே 54 நாடுகள். ஒவ்வொன்றுக்கும் தனி வரி, தனித் தர விதி. கென்யா, தான்சானியா, உகாண்டா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்காவில் சாலையின் இடதுபக்கம் ஓட்டுகிறார்கள். நைஜீரியா, கானா, எத்தியோப்பியா, ருவாண்டாவில் வலதுபக்கம். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் வைப்பது என்பதிலிருந்தே செலவு ஆரம்பித்துவிடுகிறது.

சரி, புதிய வண்டி விற்கப் போகிறவருக்கு அங்கே உண்மையான போட்டி யார்? இன்னொரு புதிய வண்டி அல்ல. ஜப்பானில் ஏழு வருடம் ஓடிய பழைய வண்டிதான்.

கென்யாவையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வருடத்துக்கு மேல் பழையதை இறக்குமதி செய்யக் கூடாது என்று அங்கே விதி. ஆகவே ஏழு வயது வண்டிகள் கப்பல் கப்பலாக மொம்பாசாத் துறைமுகத்தில் வந்து இறங்குகின்றன. அவற்றில் டொயோட்டா புரோபாக்ஸ் என்று ஒன்று உண்டு. 2002இல் ஜப்பானில் கம்பெனி வேலைக்காக வந்த, அழகு என்று சொல்ல எதுவும் இல்லாத, சப்பையான ஒரு வேகன். கென்யாவில் அதன் பின்பக்க ஸ்பிரிங்கைத் தூக்கி, சீட்டை மடக்கி, வேண்டியதை எல்லாம் ஏற்றுகிறார்கள். மேரு பக்கத்து மலைகளில் விளையும் மிரா என்ற செடியின் இளந்தண்டை மெல்லும் பழக்கம் அங்கே பரவலாக உண்டு, ஆனால் பறித்து இரண்டு நாளுக்குள் விற்றாக வேண்டும், வாடினால் காசு போச்சு. அதனால் வாழை இலையில் சுற்றிய மிராக் கட்டுகளை அடைத்துக்கொண்டு சுமார் 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நைரோபிக்குப் பிக்கப்பும் புரோபாக்ஸும் பறக்கிற வேகத்தைப் பார்த்து மற்ற வண்டிக்காரர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். எந்த டிசைனரும் ஆப்பிரிக்காவை நினைத்து வரைந்த வண்டி அல்ல அது. ஆனால் அந்த ஊருக்கு வேண்டிய 'யுட்டிலிட்டி வண்டி' அதுவாகத்தான் ஆகிவிட்டது.

பழைய வண்டியை ஏன் ஜெயிக்க முடியவில்லை என்றால், அதைச் செய்த செலவை ஜப்பான்காரர் ஏற்கெனவே கொடுத்து முடித்துவிட்டார். முதல் ஏழு வருடத்தில்தான் எந்த வண்டியும் விலையில் பெரும்பகுதியை இழக்கிறது, அந்த நஷ்டம் டோக்கியோக்காரருடையது. மிச்சமிருக்கும் உழைப்பு மட்டும் மலிவாக ஆப்பிரிக்காவுக்கு வருகிறது. புதிதாகத் தொழிற்சாலை கட்டுகிறவர் டிசைன் செலவு, அச்சு, இயந்திரம், சம்பளம் எல்லாவற்றையும் விலையில் ஏற்றியாக வேண்டும். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2020இல் வெளியிட்ட கணக்குப்படி, 2015 முதல் 2018 வரை 1.4 கோடி பழைய இலகுரக வண்டிகள் உலகில் ஏற்றுமதியாயின, அதில் மிகப் பெரிய பங்கு போனது ஆப்பிரிக்காவுக்குத்தான். இந்த வெள்ளத்தை எதிர்த்து நீந்தித்தான் புதிய வண்டி விற்க வேண்டும்.

மோபியஸ் கதை இதற்கு நல்ல சாட்சி. ஜோயல் ஜாக்சன் என்ற இங்கிலாந்து இளைஞர் கென்யாவில் மரம் வளர்க்கும் விவசாயிகளோடு வேலை செய்துகொண்டிருந்தார், மோசமான சாலைகளில் ஆளும் சரக்கும் படும் பாட்டைப் பார்த்து மோபியஸ் என்ற வண்டிக் கம்பெனியைத் தொடங்கினார். இரும்புக் குழாய்களை வெல்டு செய்த கூடு, நல்ல உயரம், பெட்ரோல் இன்ஜின், ஏசி கிடையாது, அலங்காரம் எதுவும் கிடையாது. நாலு சக்கரத்துக்கும் விசை போகும் அமைப்புகூட இல்லை, செலவு அதிகம் என்று அதையும் விட்டுவிட்டார்கள். மோபியஸ் 2 என்ற அந்த வண்டியின் ஆரம்ப விலை சுமார் 9.5 லட்சம் கென்ய ஷில்லிங், அன்றைய கணக்கில் 11,000 டாலரை ஒட்டி. யோசனையில் தப்பில்லை. ஆனால் அதே காசுக்கு ஏசி, பவர் விண்டோ, எந்தச் சந்தையிலும் கிடைக்கும் பார்ட்ஸ், திரும்ப விற்றாலும் நல்ல விலை என்று ஒரு பழைய டொயோட்டா வாசலில் நிற்கிறது. நீங்களாக இருந்தால் எதை வாங்குவீர்கள்? பிறகு வந்த மோபியஸ் 3 சீனாவின் பெய்க் கம்பெனி வண்டியை அடிப்படையாகக் கொண்டது. விலை எங்கேயோ போய்விட்டது, ஏழை விவசாயி என்ற பேச்சும் காணாமல் போனது. 2024 ஆகஸ்டில் கம்பெனியை மூடப் போவதாக அறிவித்தார்கள், அடுத்த சில நாட்களில் மத்திய கிழக்கிலிருந்து ஒரு நிறுவனம் அதை வாங்க முன்வந்தது.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஏழைக்கான வண்டி என்று சொல்லி விற்றால் ஏழையும் வாங்க மாட்டார். வண்டி என்பது சொந்தக்காரருக்கு ஒரு கௌரவம், அவசரத்துக்கு விற்றுப் பணமாக்கக்கூடிய சொத்தும்கூட. அப்படியிருக்க, எல்லாவற்றையும் உருவிவிட்டு மொட்டையாக நிற்கும் புதிய வண்டியைப் பார்த்தால் 'நமக்கு இது போதும் என்று எவனோ முடிவு பண்ணியிருக்கிறான்' என்றுதானே தோன்றும்.

அடுத்தது வரி. கென்யாவில் இப்போது சிறிய இன்ஜின் கார் ஒன்றை இறக்குமதி செய்தால் 35 சதவீதம் சுங்க வரி, அந்தக் கூட்டுத்தொகையின் மேல் 20 சதவீதம் கலால், அதையும் சேர்த்த தொகையின் மேல் 16 சதவீதம் மதிப்புக் கூட்டு வரி. 100 ஷில்லிங் 135 ஆகி, 162 ஆகி, கடைசியில் சுமார் 188இல் வந்து நிற்கும், அதற்கு மேல் சில்லறைக் கட்டணங்கள் வேறு. இந்த வரியிலிருந்து தப்பத்தான் வண்டியை உதிரி உதிரியாகக் கொண்டுவந்து உள்ளூரில் பூட்டுகிறார்கள். முழுக்க உதிரியாக வந்தால் சி.கே.டி., பாதி பூட்டி வந்தால் எஸ்.கே.டி. என்பது தொழிலில் புழங்கும் பெயர். வேலை உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைக்கிறது என்பதால் அரசாங்கங்கள் இவற்றுக்கு வரியைக் குறைக்கின்றன. கென்யாவில் தீக்காவிலும் மொம்பாசாவிலும் இப்படிப் பூட்டும் ஆலைகள் உண்டு, மஹிந்திராவும் 2018 முதல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தன் பிக்கப்பைப் பூட்டி விற்கிறது.

இந்த வரி வித்தை எல்லா இடத்திலும் பலிப்பதில்லை. நைஜீரியா 2013இல் உள்ளூர் உற்பத்தியை வளர்க்க ஒரு கொள்கை கொண்டுவந்தது, புதிய காருக்கு 35 சதவீத வரி, அதற்கு மேல் இன்னொரு 35 சதவீதம். நல்ல எண்ணம்தான், ஆனால் பக்கத்தில் பெனின் நாட்டின் கோடோனு துறைமுகம் இருக்கிறதே! ஐரோப்பாவிலிருந்து வரும் பழைய வண்டிகளுக்கு அது பெரிய சந்தை, அங்கே இறங்கிய வண்டிகள் இரவோடிரவாக எல்லை தாண்டி நைஜீரியாவுக்குள் வந்தன. 2017 ஜனவரியில் தரைவழியாக வண்டி இறக்குமதி செய்வதையே நைஜீரியா தடை செய்தது. தடை போட்டால் கடத்தல் நின்றுவிடுமா என்ன.

எண்ணிக்கை இல்லாமல் விலை இறங்காது என்பது இன்னொரு சிக்கல். வண்டிக் கதவை அழுத்தி எடுக்கும் அச்சுக்குக் கோடிக்கணக்கில் ஆகும். லட்சம் வண்டிக்குப் பிரித்தால் அது ஒரு பொருட்டே அல்ல, ஆயிரம் வண்டிக்குப் பிரித்தால் கம்பெனியே காலி. தென்னாப்பிரிக்காவில் வருடத்துக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் புதிய வண்டிகள் விற்கின்றன. கென்யாவிலோ பத்துப் பதினைந்தாயிரத்துக்குள் முடிந்துவிடுகிறது. தென்னாப்பிரிக்காவிலேயே கதை இப்படி: பிரிட்டோரியாவை ஒட்டிய ரொஸ்லினில் நிசான் 1400 என்ற குட்டிப் பிக்கப் பல வருடங்களாக 2008 வரை தயாரானது, அரை டன் ஏற்றும், எதையும் தாங்கும். பிளம்பர், கோழிப்பண்ணைக்காரர், கடைக்காரர் என்று எல்லோரிடமும் இருந்தது. அதன் இடத்துக்கு வந்த என்பி200உம் 2024இல் நின்றுவிட்டது. அதற்கு முன்பே 2017இல் ஜெனரல் மோட்டார்ஸ் நாட்டை விட்டுப் போனபோது செவ்ரோலே யுட்டிலிட்டி என்ற குட்டிப் பிக்கப்பும் போய்விட்டது. தேவை இல்லாமல் போகவில்லை, ஆனால் ஒரு நாட்டுத் தேவைக்காக மட்டும் புது மாடலுக்குச் செலவு செய்ய யாரும் தயாராக இல்லை.

அப்புறம் கடன். என்னைக் கேட்டால் வண்டியின் விலையைவிட இதுதான் பெரிய விஷயம். ஒரு கணக்குக்கு வண்டி 10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீத வட்டியில் மூன்று வருடத் தவணை போட்டால் மாதம் சுமார் 372 டாலர். 25 நாள் ஓட்டினால் ஒரு நாளைக்கு 15 டாலர் தவணைக்கு மட்டும், டீசலும் டயரும் டிரைவர் கூலியும் தனி. பல ஆப்பிரிக்க நாடுகளில் வட்டி இந்த அளவில் இருப்பது சாதாரணம், அதையும் மாதச் சம்பளம் வாங்குகிறவருக்குத்தான் வங்கி கொடுக்கும், தக்காளி வியாபாரிக்குக் கொடுக்காது. மழைக்காலத்தில் பாதை மூடினால் லோடு இருக்காது, தவணைக்காரர் மட்டும் வருவார். இதே கணக்கை 2,500 டாலர் வண்டிக்குப் போட்டால் நாளைக்கு நாலு டாலருக்கும் குறைவு. இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கீழே தேவைப்படும்.

ரிப்பேர் பற்றியும் சொல்லியாக வேண்டும். கானாவில் குமாசி நகரத்தில் சுவாமே மேகசின் என்று ஒரு பகுதி, ஆயிரக்கணக்கான பட்டறைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். உடைந்த ஆக்ஸிலை வெல்டு செய்வார்கள், கிடைக்காத பார்ட்டைக் கடைந்து எடுப்பார்கள், ஒரு வண்டியின் கியர்பாக்ஸை இன்னொன்றில் உட்கார வைப்பார்கள். நைஜீரியாவின் லாகோஸில் லாடிபோ சந்தை பழைய பார்ட்ஸுக்குப் பேர் போனது. வாங்குகிறவர் வண்டியைப் பார்ப்பதற்கு முன் இந்தச் சந்தைகளைத்தான் பார்க்கிறார். டொயோட்டா என்றால் எந்த மூலையிலும் பிரேக் ஷூ கிடைக்கும். புதிதாக வந்த கம்பெனியின் வண்டிக்கு ஒரு கண்ணாடி உடைந்தாலும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றால், அந்த இரண்டு மாதத் தவணையை யார் கட்டுவது?

இதையெல்லாம் யோசித்தே செய்யப்பட்ட ஒரு வண்டியும் உண்டு, அதனால்தான் எனக்கு ஆக்ஸ் மேல் ஒரு மரியாதை. டார்குவில் நார்மன் என்ற பிரிட்டிஷ் தொழிலதிபர் கேட்டு, பந்தயக் கார் வடிவமைப்பாளர் கோர்டன் மரே வரைந்த லாரி அது. 2013இல் முதல் மாதிரி வந்தது. பிரித்து அடுக்கினால் 40 அடி கண்டெய்னரில் ஆறு வண்டி போகும், போய்ச் சேர்ந்த இடத்தில் மூன்று பேர் சுமார் 12 மணி நேரத்தில் பூட்டிவிடலாம். சுமார் 1.9 டன் ஏற்றும். டிரைவர் நடுவில் உட்கார்வதால் இடதா வலதா என்ற பிரச்சினையே இல்லை. கதவை எந்தப் பக்கமும் மாட்டலாம். கண்ணாடி எல்லாம் தட்டையானது, ஊரில் கிடைக்கும் கண்ணாடியையே வெட்டிப் போடலாம். சேற்றில் மாட்டினால் பின் சீட்டின் அடிப்பலகையைக் கழற்றி டயருக்குக் கீழே போட்டு ஏறி வந்துவிடலாம். இவ்வளவும் இருந்தும் சொந்தமாக வாங்கி ஓட்டும் வண்டியாக அது சந்தைக்கு வரவில்லை.

ஜெர்மனியில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் செய்த ஏகார் இன்னும் வேடிக்கை. ஆப்பிரிக்காவுக்கென்றே வரைந்த, ஒரு டன் ஏற்றும் எலெக்ட்ரிக் வண்டி, 2017இல் கானாவுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள், பிராங்க்பர்ட் கண்காட்சியில் வைத்தார்கள், விலை போகப்போக 10,000 யூரோவுக்குக் கீழே வரும் என்றார்கள். கடைசியில் ஜெர்மானிய நகராட்சிகளுக்கும் பண்ணைகளுக்கும் 30,000 யூரோவை ஒட்டிய விலையில்தான் விற்றது. காசு இருக்கிற இடத்துக்குத்தான் வண்டி ஓடும்.

அப்படியானால் உண்மையில் விற்றது எது? மேலே சொன்ன நாலு டாலர் கணக்கு இங்கேதான் வருகிறது. முன்னால் மோட்டார் சைக்கிள், பின்னால் இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு இரும்புத் தொட்டி: சீனாவிலிருந்து வரும் மூன்று சக்கர லோடு வண்டி. கானாவின் வடக்கே மோட்டார்கிங் என்பார்கள், தலைநகர் அக்ராவில் அபோபோயா, தான்சானியாவில் குட்டா. குப்பை, மணல், தண்ணீர் டிரம், மாடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லாம் ஏறும், இதில் பாதி ஏறக் கூடாததுதான். பாதுகாப்பு என்று பார்த்தால் மோசம், தொட்டியில் ஆள் உட்கார்ந்து போய் விபத்தாவது சகஜம், அக்ராவில் பெரிய சாலைகளில் ஏற அதற்குத் தடையும் போட்டார்கள். ஆனாலும் மோட்டார் சைக்கிள் மெக்கானிக் யாரும் சரி செய்துவிடலாம், பார்ட்ஸ் தெருவிலேயே கிடைக்கும், விலை எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. இதற்கு ஒரு படி கீழே வெறும் மோட்டார் சைக்கிள்: கென்யா, உகாண்டாவில் பஜாஜ் பாக்ஸரும், நம் ஓசூரில் செய்யும் டிவிஎஸ் எச்எல்எக்ஸும்தான் வாழைத்தார் முதல் சோபா வரை சுமக்கின்றன. மலிவு வண்டி ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது, அதற்கு யாரும் விருது கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு வழி, வண்டியை விற்காமல் டிரிப்பை விற்பது. விற்பனைக்கு வராத அதே ஆக்ஸ், எலெக்ட்ரிக் லாரியாக மாறி ருவாண்டாவில் இந்த வழியில்தான் இறங்கியது. லாரி கம்பெனியுடையது, டிரைவரும் கம்பெனி ஆள். விவசாயி தன் இரண்டு மூட்டைக்கு வேண்டிய இடத்துக்கு மட்டும் காசு கொடுத்தார். மேடு பள்ளமான அந்த ஊரில் சைக்கிளில் வாழைத்தார்களைக் கட்டித் தள்ளிக்கொண்டு போகிறவருக்கு லாரியே சொந்தமாக எதற்கு? கடன், ரிப்பேர், சும்மா நிற்கும் நாள் எல்லாம் கம்பெனியின் தலைவலி. ஜிம்பாப்வேயில் மொபிலிட்டி ஃபார் ஆப்பிரிக்கா என்ற நிறுவனம் 'ஹம்பா' என்ற எலெக்ட்ரிக் மூன்று சக்கர வண்டியைக் கிராமத்துப் பெண்களிடம் கொண்டுபோனதும் இதே புத்திதான்: சூரிய ஒளி நிலையத்தில் தீர்ந்த பேட்டரியைக் கொடுத்து நிரம்பியதை வாங்கிக்கொள்ளலாம், வண்டியில் விலை கூடிய பாகமே பேட்டரிதான் என்பதால் அது வாங்குகிறவர் தலையில் விழாது.

எலெக்ட்ரிக் என்று வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறேன். எத்தியோப்பியா 2024 தொடக்கத்தில் பெட்ரோல், டீசல் கார் இறக்குமதியையே தடை செய்துவிட்டது, அங்கே இப்போது வருவது பெரும்பாலும் சீன எலெக்ட்ரிக் வண்டிகள். மற்ற நாடுகளுக்கு இந்த மாற்றம் வேறு வழியாக வரும். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் ஓடுவது எலெக்ட்ரிக்காக மாற மாற, சில வருடம் கழித்து மொம்பாசாவிலும் கோடோனுவிலும் இறங்கப் போவதும் அதுதான், தேய்ந்த பேட்டரியோடு. பழைய இன்ஜினைக் கழற்றிப் பூட்டிக் காலம் தள்ள சுவாமே பட்டறைக்காரருக்குத் தெரியும், செத்த பேட்டரி செல்களை மாற்ற இன்றைக்கு அவரிடம் கருவியும் இல்லை, பார்ட்டும் இல்லை. மலிவுக்கு இதுவரை ஆதாரமாக இருந்த அந்தப் பழைய வண்டிக் கணக்கே இதனால் ஆட்டம் காணலாம். மோபியஸ் போன்றவர்களால் முடியாததை, அதாவது புதிய வண்டியைப் பழையதோடு விலையில் மோத விடுவதை, இந்த மாற்றம் தானாகவே செய்து கொடுக்கவும் கூடும்.